ஹோல்ட் ஆன்

பாப்பாவின் அப்பாவுக்கு, அன்பும் வணக்கமும்.

நீங்களும் அவளும் நலம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். இடது கையால் எழுதுவதால்தான் எழுத்து கோணல், பயப்படாதீர்கள்.

போன வாரம் கிடங்கில் சக்கர ஏணிமேல் நின்று பெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். ஏணி நகர்வதைப் பார்த்த சூப்பர்வைசர் "ஹோல்ட் ஆன்!" என்று கத்தினார். ஃபோனில் அப்படிச் சொன்னால் காத்திரு என்றுதானே அர்த்தம்? நானும் ஏணியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அடுத்த நொடி தரையில் கிடந்தேன்.

"அடிப்பாவி, கெட்டியாப் பிடிச்சுக்கோன்னுதானே கத்தினாரு!" என்று பேக்கிங் அக்கா ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பைச் சேர்த்துவைத்த டாக்டரும் அதே "ஹோல்ட் ஆன்" என்றார். நான் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கூட வந்திருந்த அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இவரு பொறுத்துக்கோன்னு சொல்றாருடி!"

இரண்டையும் சேர்த்தே செய்தேன். அழவில்லை.

வேலை போகவில்லை. இப்போது உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறேன்.

ஒரு தலையணை உறை அனுப்புங்கள். இங்கே கிடைப்பதெல்லாம் சொரசொரப்பாக இருக்கிறது. பாப்பாவுடையதே போதும். துவைக்க வேண்டாம்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் வாயாடி