தாய்க்கோழி இல்லாத பக்கம்

மாமா,

ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் வந்துவிட்டது, காய் எடுக்கக் கிளம்புகிறேன். சட்டியில் புளிக்குழம்பு இருக்கிறது. சூடு பண்ணி உங்கள் பேத்தி அபிதாவுக்கும் ஊட்டிவிடுங்கள்.

அங்கன்வாடியில் கொடுத்த படப் புத்தகத்தை, "எழுத்தே இல்லாததுல என்னத்தப் படிக்க?" என்று நேற்றுத் தூக்கி எறிந்தீர்கள். எனக்கு இன்னும் கோபம்தான். பிள்ளை அதைப் படிக்கிறாள். குஞ்சுகள் மட்டும் நிற்கும் பக்கத்தைக் காட்டி, "தாய்க்கோழி எங்கடி?" என்றேன்.

"ஜீப்புல காய் எடுக்கப் போயிருச்சு" என்றாள்.



சாயங்காலம் அவளை மடியில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவளே கதை சொல்வாள்.

மறந்துவிட்டேன்: கடைசிப் பக்கத்தில் தாய்க்கோழி திரும்பி வரும். அந்தப் பக்கம் வருவதற்குள் தினமும் நான் அசந்து தூங்கிவிடுகிறேன். அவள் இன்னும் பார்த்ததில்லை. நீங்கள் காட்டுங்கள்.