கப்பித்தேன் துவாலின் இரத்தம்

சைகோன், 14 நவம்பர் 1934

புதுச்சேரியில் வைத்தியம் படிப்பதாக வீட்டார் நம்பிக்கொண்டிருக்கும் அண்ணன் ஃபெர்னானுக்கு, தங்கை ஏவ்லின் வணக்கமும் கொஞ்சம் வம்புமாக எழுதுவது. நான் நலம். தானும் நலம் என்று எழுதச் சொன்னார் அப்பா. அவர் சொன்னதை எழுதிவிட்டேன்.

அடுத்த மாதப் பரீட்சைக்கு லூக்கேமியா வகைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பயிற்சிக்குப் போகிறாயே, சுலபமாக எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். அதே கடிதத்தில் அப்பாவின் வயிற்று வீக்கத்துக்கு, மலேரியாதான், பயப்படாதே என்று தீர்ப்பும் சொல்லியிருந்தாய். பாடம் வராதவனுக்குத் தீர்ப்பு மட்டும் எவ்வளவு சுளுவாக வருகிறது!

பாடத்தைக் கேள். மலேரியாவிலும் மண்ணீரல் வீங்கும். ஆனால் வெள்ளையணு இப்படிப் பெருகாது, சிவப்பணுவுக்குள் பூச்சி இருக்கும். லூக்கேமியாவில் வெள்ளையணுக்கூட்டம் தாங்காது. எல்லாம் ஒரே தையல்காரன் வைத்த பொத்தான்கள் மாதிரி சின்னதாக, உருண்டையாக இருந்தால் அது நாள்பட்ட லிம்ஃபாய்டு வகை. முதிராத கைக்குழந்தை அணுக்களே நிறைந்து, நடுவயதுக்காரர் யாருமில்லாமல், ஓரமாக நாலு கிழவர் மட்டும் நின்றால் அது தீவிர வகை, ஆயுள் வாரக் கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கோயில் வாசல் போலக் குழந்தை, பள்ளிப்பிள்ளை, வாலிபன், கிழவன் எல்லா வயதும் முண்டியடித்தால் அது நாள்பட்ட மைலாய்டு வகை. வருடக் கணக்கு.

எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர், அதான் தொக்தேருக்கு, இது தலைகீழ்ப் பாடம். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், மீசை என்றே வைத்துக்கொள். அந்த மீசைக்கு இருக்கும் கனம் மூளைக்கு இருந்திருந்தால் நான் இதைச் செய்திருக்கமாட்டேன்.

மூன்று மாதமாக அப்பாவுக்கு மலேரியா மருந்தான கொயினா கொடுத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அப்பா விரலில் குத்தி மூன்று கண்ணாடித் தகடுகளில் இரத்தம் தடவினேன். ஒன்றில் 'அகுஸ்தேன், குமாஸ்தா' என்று உள்ளதை எழுதினேன். இன்னொன்றில் 'கப்பித்தேன் துவால்' என்று இல்லாத வெள்ளைக்காரனை எழுதினேன். மூன்றாவதில் ஒன்றும் எழுதவில்லை.

குமாஸ்தாவின் தகட்டை மீசை மிக்ரோஸ்கோப்பில் வைக்கவேயில்லை. பெயரைப் படித்தார், மலேரியா, கொயினாவைக் கூட்டு என்றார். கப்பித்தேனை மட்டும் அரை மணி நேரம் பார்த்தார், எண்ணினார், மாணவர்களை வரிசையில் நிறுத்தி நாள்பட்ட மைலாய்டு லூக்கேமியா என்று பிரசங்கம் செய்தார். தாமதிக்காமல் மண்ணீரலுக்கு எக்ஸ்ரே கதிர் கொடுத்தால் இன்னும் சில வருடம் நன்றாக இருக்கலாம் என்று சீட்டும் எழுதினார். சீட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு தகட்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே விரல், முசியே, என்றேன்.

மீசை துடித்தது. என்னை ஆய்வுகூடத்தை விட்டே துரத்தினார். பரிகாசம் செய்கிறவளின் அப்பாவுக்கு மலேரியாவே போதும் என்று முடிவு செய்தார் போலும். சீட்டைத் திருப்பிக் கேட்க மட்டும் மறந்தார்.

நேற்று அந்தச் சீட்டோடு அப்பாவை எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருப்பவர் ஜெனேவியேவ் சிஸ்டர். சீட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "கப்பித்தேன் கடல் வெயிலில் ரொம்பத்தான் கறுத்துவிட்டார்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இன்னும் ஐந்து முறை வரச் சொல்லியிருக்கிறார். மலேரியாவுக்குப் புது வைத்தியம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். திரும்பும் வழியில், வெளிச்சம் பட்டதும் உடம்பு லேசாகிவிட்டது என்றார். இத்தனை நாளில் முதல்முறையாக எனக்கு ஒரு குறும்பு இனிக்கவில்லை.

மூன்றாவது தகட்டைப் பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். அதில் பெயர் இல்லை. நீயே எண்ணிப் பார். திங்கட்கிழமை நூற்றுக்கு மூன்று கைக்குழந்தைகள் இருந்தன. இன்று காலை வீட்டில் குத்தித் தடவி, சிஸ்டரின் தயவில் பார்த்தபோது ஐந்து. தீவிர வகைப் பக்கம் சாய்கிறதோ என்று பயம்; என் கண் தப்பாகவே இருக்கட்டும். எண்ணி முடித்த பிறகு பதில் எழுதிக்கொண்டிருக்காதே. பரீட்சை அடுத்த வருடமும் வரும்.

கப்பலைத் தவறவிடாத புத்தியைத் தேவமாதா உனக்குத் தரட்டும்.

உன் தங்கை,
ஏவ்லின்