தண்ணீர்த் தொட்டியில் ஒரு விளம்பரம்

பாய், இன்று பூந்தமல்லியில் மெட்ரோ ரயில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பினால், உன் தையல் கடை மாடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டி. அதில் சிவப்புப் பெயின்டில் உன் கையெழுத்து: "பேன்ட், சட்டை ஒரே நாளில்." எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ரயில் பாதைக்கு முதல் தூண் எழும்பும் முன்பே அதை எழுதினாய். தெருவில் நின்றால் கண்ணுக்கே தெரியாது. "யாருய்யா படிப்பாங்க, காக்காவா?" என்றேன். "ரயிலு வர்ட்டும் அண்ணாத்தே, அப்ப பாரு இன்னா கூட்டம்னு" என்றாய்.

அந்த 'ரயிலு வர்ட்டும்' ஊருக்கே பிடித்த வியாதி. வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் பெண்ணுக்கு வரன் பார்ப்பதும்கூட ரயில் வந்த பிறகுதான். தகரத் தடுப்பு போட்டுக் கடைவீதியையே மறைத்தார்கள். என் மருந்துக்கடையில் மாத்திரை அட்டையெல்லாம் புழுதி. நீயோ மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்று தூண்களை எண்ணிக்கொண்டிருந்தாய்.

ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாய். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன்.

"பஸ்ல ரெண்டு மணி நேரம் குலுங்கிகினு போனா, நல்லா கீறவனே பூடுவான். ரயிலு வந்ததும் ஜம்முனு ஏசில போய்க் காட்டிக்கிறேன். இப்ப கேஸ் மாத்திரை குடு."

கொடுத்தேன். அடுத்த வாரமும் கொடுத்தேன். உன்னைத் திட்ட எனக்கென்ன யோக்கியதை? நானும் ரயில் வந்துவிடும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனுக்குப் படிக்கட்டு கட்டும்போது நீ போய்விட்டாய்.

ரயில் வந்துவிட்டது பாய். நீ சொன்ன கூட்டமும் வந்தது. வாடகை ஏறியதில் பழைய கடைகள் பாதி கிளம்பிவிட்டன. உன் கடையில் செல்போன் கவர் விற்கிறார்கள். ரயிலில் ஒருவரும் ஜன்னல் வழியே பார்ப்பதில்லை, எல்லோர் தலையும் போனில். இவர்களுக்காகவா வெயிலில் ஏணி போட்டு எழுதினாய்?

போன மாதம் பூக்கார அம்மா ஒருவர் நெஞ்சைத் தடவியபடி கேஸ் மாத்திரை கேட்டார். "சனிக்கெயமை போய்க் காட்டிக்கிறேன்பா, இப்ப போனா யாவாரம் கெட்டுப்பூடும்." எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கடையைத் திறந்தது திறந்தபடி விட்டு, ஆட்டோவில் ஏற்றிப் போனேன். வழியெல்லாம் என்னைத் திட்டித் தீர்த்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் என்னைக் கண்டால் முறைக்கிறார். முறைக்கட்டும். அத்தனை வருடப் பழக்கத்தில் உன்னிடம் ஒருநாள்கூட நான் அப்படிக் கத்தவில்லையே, பாய்.