புருவத்தப் பாருகா

மச்சாள்,

இன்று காலை கொழும்பிலிருந்து வந்த பஸ் நம்மை இறக்கிச் சோதித்த பழைய சென்றியடியைக் கடந்தது. சென்றி இல்லை. ஆமி மண் நிரப்பி வைத்திருந்த தார்ப் பீப்பாய்களில் ஒன்று மட்டும் தேத்தண்ணிக் கடை வாசலில் நிற்கிறது. அதற்குள் யாரோ குரோட்டன் நட்டிருக்கிறார்கள். நான் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரிப் பார்த்தார், பார்க்கட்டும். என்னிடம் ஒரு செய்தி இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியவள் நீதான்.

பெரியகல்லாற்றிலிருந்து வந்தாறுமூலைக் கெம்பஸுக்குப் படிக்க நாம் சேர்ந்து போன நாட்களில், அங்கே எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். "ஐசி" என்று கேட்டதும் அடையாள அட்டையை நீட்டி, ஆமிக்காரனை நிமிர்ந்து பார்க்க வேண்டும். எனக்கோ சின்ன வயதிலிருந்தே யாருடைய கண்ணையும் பார்க்க ஏலாது. ஊரில் அதற்குப் பேர் திமிர். சென்றியில் அதற்குப் பேர் சந்தேகம். குனிந்த தலைக்காக ஒருநாள் என்னை வரிசையிலிருந்து பிரித்து வெயிலில் நிறுத்தினார்கள். நீ பஸ்ஸில் ஏற மறுத்தாய். அரைகுறைச் சிங்களத்தில் மன்றாடி என்னை மீட்டெடுத்தாய்.

அன்று பின்னேரமே கிணற்றடியில், சோற்றுச் சட்டியைத் தலையில் கவிழ்த்து, தென்னை மட்டையைத் தோளில் சாத்தி, நீயே ஆமியாகி நின்றாய்.

"ஐசி! எங்க போறாய்?"

நான் உன் காலைப் பார்த்தேன்.

"அங்க என்ன இரிக்கு? கண்ணப் பார்க்க ஏலாட்டி புருவத்தப் பாருகா. அவனுக்கு வித்தியாசம் தெரியாது."

சட்டியைத் தேடி வந்த உன் அம்மா, "ரெண்டுக்கும் விசரா புடிச்சிரிக்கு?" என்று ஏசியது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வித்தையோடுதான் சண்டைக்காலம் முழுக்கப் போய்வந்தேன். படித்தேன், உத்தியோகம் பார்த்தேன். "இப்ப திமிர் குறைஞ்சிட்டு" என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு களைத்துக் கிடந்தது உனக்கு மட்டும்தான் தெரியும்.

ஐம்பது கடந்தபின் ஒருநாள் வானொலியில் ஒரு பெண் தன் ஆட்டிசத்தைப் பற்றி, யாருடைய கண்ணையும் பார்க்க ஏலாததைப் பற்றிப் பேசினாள். என் கதையை யார் இவளுக்குச் சொன்னது என்று திகைத்துப் போனேன். கொழும்பில் ஒரு டொக்டரைத் தேடிப் போனேன். பலதும் கேட்டுவிட்டு அவர் தயங்கினார்.

"நீங்கள் முகம் பார்த்து நல்லாத்தானே கதைக்கிறீங்கள். சின்ன வயதில உங்களத் தெரிஞ்ச யாரையும் கூட்டி வரலாமா?"

யாரைக் கூட்டிப் போவது? அம்மா அப்பா இல்லை. உன்னைப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது. நீ சொல்லித்தந்த வித்தையே இப்போது எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. வெறுங்கையோடு எழும்பி வந்திருப்பேன்.

ஆனால் வரவில்லை, மச்சாள். "டொக்டர், உங்கட கண் எப்படி எண்டு எனக்குத் தெரியாது. இடது புருவத்தில சின்னத் தழும்பு ஒண்டு இரிக்கு. வந்ததிலயிருந்து அதத்தான் பார்த்திட்டு இரிக்கன்" என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டார். சென்றியை, சோற்றுச் சட்டியை, எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்கட மச்சாளக் கூட்டித்தானே வந்திரிக்கிறீங்கள்" என்றார்.

அதன்பின் இன்னும் சில தடவை போனேன். நேற்று உறுதியாகச் சொல்லிவிட்டார்: ஆட்டிசம்தான். திமிர் இல்லையடி! எனக்கு வெடி கொளுத்த வேண்டும் போல் இருந்தது.

உன் வித்தையை நான் விடவில்லை. தேவைப்படும் இடத்துக்கு அது என்னோடு வரும். ஆனால் இன்று பஸ்ஸில் கொண்டக்டர் வந்து, "எங்க இறக்கம்?" என்று கேட்டபோது, வாவியைப் பார்த்துக்கொண்டே ஊரின் பேரைச் சொன்னேன். யாரும் என்னை இறக்கி நிறுத்தவில்லை.