இடுப்பளவு தண்ணீர்

என் ஆசை மாமாவுக்கு,

நீ போனதிலிருந்து நான் உன்னோடு பேசவில்லை. உனக்கே தெரிந்திருக்கும். உன் படத்துக்கு விளக்கேற்றினேன், திதி கொடுத்தேன், உனக்குப் பிடித்த இறால் தொக்கு வைத்துப் படைத்தேன். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சின்ன வயதில் காய் விடுவோமே, அந்த மாதிரிதான். இன்றைக்கு நானே வந்து பழம் விடுகிறேன். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும். உனக்குத்தான் இப்போது ஒரு வேலையும் இல்லையே, உட்கார்ந்து கேள்.

முதலில் நான் எங்கே இருக்கிறேன் தெரியுமா? ஆப்பிரிக்காவில். உகாண்டா என்கிற நாட்டில், நைல் ஆற்றங்கரையில், ஜின்ஜா என்று ஓர் ஊர். நம் பெண் மேகலாவின் வீட்டுக்காரருக்கு இங்கே சர்க்கரை ஆலையில் வேலை. "கொஞ்ச நாள் வந்து இரும்மா" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எளாவூர் செக்போஸ்டைத் தாண்டி சூளூர்பேட்டைக்குப் போய் வந்தாலே நான் வெளிநாடு போன மாதிரி கதை அளப்பதாகக் கேலி செய்வாயே, இப்போது என்ன சொல்வாய்?

இங்கே மார்க்கெட்டில் நம் ஜிலேபி மீனுக்கு ஏக மரியாதை. முழுசாகப் பொரித்து, தட்டில் நிமிர்த்தி வைத்துத் தருகிறார்கள். நீ அதை மீன் கணக்கிலேயே சேர்க்க மாட்டாய். நான் மூக்கைச் சுளிக்காமல் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. கோபித்துக்கொள்ளாதே.

மேகலா வீடு அழகாக இருக்கிறது. சாமி படம் இருக்கிறது, அவள் மாமனார் மாமியார் படம் இருக்கிறது. உன் படம் மட்டும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

அவள் கல்யாணத்துக்கு முன்னால் அவள் தலையில் கை வைத்து, இனி குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாய். நீயும் காப்பாற்றிக்கொண்டுதான் வந்தாய். நான் உன் வாயை முகர்ந்து பார்க்காத நாள் இல்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் மடவை மீன் ஓடுகிறது என்று முகத்துவாரம் பக்கம் தனியாகப் போனாய். ஏரித் தண்ணீரைக் கடல் இழுத்துக்கொள்ளும் நேரம். படகு மணல் திட்டில் தட்டியது. இறங்கித் தள்ளினாய். தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்தது அவ்வளவுதான்: நீ நின்றாய், முன்னும் பின்னும் ஆடினாய், முகம் குப்புறச் சாய்ந்தாய், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவர்கள் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

தண்ணீர் இடுப்பளவு.

நேராக வீட்டுக்குத்தான் உன்னைத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாததால், எப்படிச் செத்தாய் என்று ஊரே பார்த்துச் சொன்னது. உன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டேதான் சொன்னார்: "ஏரியில பொறந்து வளந்தவன், இடுப்பளவு தண்ணில எவனாச்சும் சாவானா? காலைலயே ஏத்திக்கினு போயிருக்கான். ஆடிக்கினு நின்னானாமே!" அவர் மனசில் வஞ்சம் இல்லை, மாமா. தம்பி செத்ததற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது அவருக்கு. ஆனால் அந்த வார்த்தை மேகலா காதில் விழுந்தது. அன்றைக்கு மட்டும் நான் எழுந்திருப்பதற்குள் நீ கிளம்பிவிட்டாய், உன் வாயை முகர்ந்து பார்க்காததால் மறுத்துச் சொல்ல எனக்கு வழியில்லை. அதற்குப் பிறகு அவள் வாயில் 'நைனா' என்ற வார்த்தை வரவே இல்லை.

நீ நீந்தத் தெரியாதவனா? அந்தத் தண்ணீரில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டுக்கு வந்து சேர்கிறவன்தானே? பிறகு எப்படி? இந்தக் கேள்விக்கு உன் அண்ணன் சொன்னதைத் தவிர வேறு பதில் யாரிடமும் இல்லை. அதனால்தான் உன்னோடு காய் விட்டேன்.

இனி ஆற்றுக்கு வருகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நைல் ஆறு பாறைகளில் மோதி நுரைத்து விழுகிற இடங்களாகப் பார்த்து, காற்றடித்த ரப்பர் படகில் ஆட்களை உட்காரவைத்து அதற்குள்ளே விடுகிறார்கள். பிழைப்புக்காக இல்லை, சந்தோஷத்துக்காக! மேகலாவும் மாப்பிள்ளையும் பேர் கொடுத்திருந்தார்கள். நான் கரையில் உட்கார்ந்து துணிமணியைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மாப்பிள்ளையைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, சேலத்துக்காரர், தண்ணீரைக் குடத்தில் பார்த்து வளர்ந்தவர். ஆற்றைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. "அத்தை, எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்குங்க" என்றார்.

"அப்போ நான் போறேன்" என்றேன்.

எனக்கே அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. நீ போன பிறகு நான் ஏரியில் கால் நனைக்கவில்லை. பால்வாடிக்குக்கூடக் கரை வழியாகப் போகாமல் ரோட்டைச் சுற்றித்தான் போகிறேன். மேகலா பதறிவிட்டாள். "இன்னாம்மா, இது நம்ம ஏரினு நெனச்சியா? வெளையாடாத."

"ஏண்டி, நான் கையால இறால் தடவிப் புடிச்சவடி. உன் வீட்டுக்காரர விட எனக்குத் தண்ணி தெரியும்."

மாப்பிள்ளை சந்தோஷமாகத் தலையாட்டினார். அவருடைய கால்சட்டை, மேகலாவின் கேன்வாஸ் ஷூ, கொண்டையின் மேல் நிற்காமல் ஆடுகிற ஒரு ஹெல்மெட், மூச்சு முட்ட ஒரு மிதவைச் சட்டை. நீ பார்த்திருந்தால் சிரித்துச் சிரித்தே படகைக் கவிழ்த்திருப்பாய்.

எங்கள் படகை ஓட்டியவர் பெயர் ஜோசப். உன் வயசுதான் இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்துப் பாடம் சொன்னார். மேகலா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அதில் ஒன்றைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படகிலிருந்து விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாதாம். தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலும் கூடாதாம். மல்லாக்கப் படுத்து, காலை மேலே தூக்கிக்கொண்டு மிதக்க வேண்டுமாம்.

"விழுந்தா காலை ஊணாம, காலைத் தூக்கணுமா? இன்னாடி இது கூத்து?" என்றேன்.

நம் ஏரியில் விழுந்த பிள்ளைக்கு நாம் சொல்வது ஒரே வார்த்தைதானே, மாமா? காலை ஊணு! படகு தட்டினால் காலை ஊணு, வலை சிக்கினால் காலை ஊணு, பயம் வந்தால் காலை ஊணு. சேற்றில் கால்விரலால் இறாலைத் தேடியவள் நான். கண்ணைவிடக் காலைத்தான் நம்புகிறவள். ஜோசப் நான் சிரித்ததைப் பார்த்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. காலைத் தூக்கு என்பதை உங்கள் பாஷையில் எப்படிச் சொல்வது என்று மேகலாவைக் கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டார். "காலு மேல! காலு மேல!"

படகு நகர்ந்ததும் என் கையிலிருந்த துடுப்பு தானாகச் செங்குத்தாக இறங்கித் தரையைத் தேடியது, நீ கோல் ஊன்றுவாயே அப்படி. தரை கிடைக்கவில்லை. இந்த ஆற்றுக்கு அடி இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அமைதியான இடத்தில் நீர்க்காகம் பாறைமேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. மரப் படகில் ஓர் ஆள் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். நான் கை காட்டினேன், அவரும் காட்டினார். மனசு லேசாகத்தான் இருந்தது.

ஆறு நுரைத்து விழுகிற முதல் இரைச்சலில் ஒன்றும் ஆகவில்லை. முகத்தில் தண்ணீர் அடித்தது, மேகலா கத்தினாள், நானும் கத்தினேன். இவ்வளவு சத்தமாகக் கத்தி எத்தனை காலமாயிற்று! அழுதபோதுகூட நான் இப்படிக் கத்தவில்லை. நன்றாக இருந்தது, மாமா. உண்மையாகவே நன்றாக இருந்தது.

இரண்டாவது இடம் சின்னதுதான். படகு ஒரு பக்கம் தூக்கியது, நான் மறுபக்கம் சரிந்து கரையோரமாக விழுந்தேன். மிதவைச் சட்டை என்னை மேலே கொண்டுவந்தது. பக்கத்திலேயே பாறை, கீழே கல் தெரிகிறது. தண்ணீர் இடுப்பளவு.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறாய்? காலை ஊன்றினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகப் போய் ஊன்றியது, இரண்டு கல்லுக்கு நடுவில். எழுந்து நின்றும்விட்டேன். பார்த்தாயா, எனக்கா தண்ணீர் தெரியாது என்று ஒரு நொடி பெருமைகூட வந்தது. அதற்குள் ஆறு முதுகில் கையை வைத்துத் தள்ளியது. கால் வரவில்லை. நிமிரப் பார்த்தேன், தள்ளியது. மறுபடி நிமிரப் பார்த்தேன், மறுபடி தள்ளியது. முன்னும் பின்னும் ஆடினேன். பிறகு முகம் தண்ணீருக்குள் போனது.

நீச்சல் தெரிந்து அங்கே ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஜோசப் குரல் தண்ணீருக்கு மேலே எங்கேயோ கேட்டது. "காலு மேல! காலு மேல!" நம் பாஷையில் கத்தியதால்தான் அது என் மண்டையில் ஏறியது. நிற்கிற ஆசையை விட்டேன். முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சாய்ந்தேன். ஷூ கல்லிடுக்கிலேயே நின்றுவிட, கால் மட்டும் உருவிக்கொண்டு வந்தது. அப்புறம் மல்லாக்கப் புரண்டு இரண்டு காலையும் தூக்கினேன். அதே தண்ணீர்தான், என்னை அலுங்காமல் கொண்டுபோய் அமைதியான இடத்தில் விட்டது. மேலே வானம் மட்டும்தான் இருந்தது. மேகலா என்னைப் படகுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு அழுதாள்.

எல்லோருக்கும் அன்னாசிப் பழம் வெட்டிக் கொடுத்தார்கள். நான் படகின் விளிம்பில் சாய்ந்துகொண்டு, ஷூ போன காலைப் பார்த்தேன். வலது கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்து, வளையல் போட்டமாதிரி சிவப்பாக ஒரு தடம்.

அந்தத் தடத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு உன் காலடியில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் வலது கணுக்காலில் இதே தடம் இருந்தது. கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி அழுத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். துணி விரலில்தானே இருந்தது, மாமா? கணுக்காலில் ஏது துணி? அன்றைக்கு அதைக் கேட்கிற புத்தி யாருக்கு இருந்தது?

முகத்துவாரத்தில் மணலுக்கடியில் உடைந்த கழியும் அறுந்துபோன வலையும் எவ்வளவு புதைந்து கிடக்கிறது என்று நீதான் சொல்வாய். உன் காலைப் பிடித்தது கழியா, வலையா, எனக்குத் தெரியாது. ஆனால் நீ ஏன் ஆடினாய் என்று இப்போது எனக்குத் தெரியும். நானும் ஆடினேன். நான் குடித்திருந்தேனா?

கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். மேகலா பயந்துவிட்டாள். "இன்னாம்மா, வலிக்குதா?"

"உங்க நைனா காலிலயும் இதே மாதிரி இருந்துச்சுடி" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கணுக்காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன் மேல் விரலை வைத்து மெதுவாகச் சுற்றி வந்தாள். அவளும் நான் நின்று ஆடியதைப் படகிலிருந்து பார்த்தவள்தானே?

"நைனா குடிக்கலையாம்மா?"

"குடிக்கலடி. நின்னாரு. நாம இன்னா செய்வோமோ அதத்தான் செஞ்சாரு."

அதற்குப் பிறகு வந்த இரைச்சல்களில் ஜோசப் என்னைத் தனக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். ஆமாம், கடைசிவரை போனேன். பாதியில் இறங்குகிறவளா உன் பொண்டாட்டி?

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை என் காலுக்கு மருந்து போட்டார். பாவம், அவர் போக வேண்டிய இடத்துக்கு நான் போனேன் என்று அவருக்கு ஒரே குற்ற உணர்ச்சி. மேகலா என் போனை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "நைனா சிரிக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்லையாம்மா?" என்றாள். படகில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டு என்னை முறைப்பாயே, அந்தப் படம்தான் கிடைத்தது. அதையே பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் யார் என்று கேட்கிறார்கள். அப்பா என்று சொல்கிறாள்.

சந்தோஷமா? எனக்குச் சந்தோஷம். கூடவே இன்னொன்றும் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ குடித்துவிட்டுச் செத்தாய் என்று நினைத்தவரைக்கும் கோபம் எனக்குத் துணையாக இருந்தது. இப்போது அது இல்லை. நீ இல்லாதது மட்டும்தான் இருக்கிறது. இதை எப்படித் தாங்குவது என்று உனக்காவது தெரியுமா?

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். வந்ததும் பையைக்கூட வீட்டில் வைக்காமல் உன் அண்ணனிடம்தான் போவேன். அவர் கோயில் பக்கம் நிழலில் வலை பார்த்துக்கொண்டிருப்பார், கூட நாலு பேர் இருப்பார்கள். இருக்கட்டும், அதுதான் நல்லது. இனி முகத்துவாரத்தில் எவன் விழுந்தாலும் காலைத் தூக்கு என்று கத்தச் சொல்வேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வேன். உன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன் அண்ணன் எதிரில் நான் உட்கார்ந்ததுகூட இல்லை. அன்றைக்கு அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்து, புடவையை ஒரு சாண் தூக்கி, வலது காலை நீட்டுவேன். யார் என்ன நினைத்தாலும் சரி, அவர் பார்க்கிறவரைக்கும் மடக்க மாட்டேன்.

இது உன் மேல் சத்தியம், மாமா.

உன் மாமன் மகள், உன் வீட்டுக்காரி,
கனகா