சட்டைக் கையளவு நூல்

டார்னெய்ட், மெல்பேர்ன்
2012 யூன்

அன்பு மகன் இந்திரகுமாருக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் டார்வினுக்கு அப்பால் அந்தக் காட்டில் நீ காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நானும் இருக்கிறேன், முழங்கால்தான் குளிருக்கு மடங்க மாட்டேன் என்கிறது. தங்கச்சி யோகராணியும் மருமகனும் விடியவே வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி தர்சினி பள்ளிக்கூடம். பிறகு வீட்டில் நானும் ஹீற்றரும்தான், அதுவும் சூடு போதுமென்றால் தானாக வாயை மூடிக்கொள்ளும். பின்னேரம் தர்சினியிடம் சாப்பிட்டியா பிள்ளை என்று கேட்பேன், அவள் இங்கிலீசில் ஏதோ சொல்லிக்கொண்டு மேலே போய்விடுவாள்.

போன கிழமை நீ போன் எடுத்தபோது மருமகன் பக்கத்தில் இருந்தபடியால் நான் ஒன்றும் பேசவில்லை. வேட்டைக்கு வருகிறவர்கள் எருமையைச் சுட்டுக் காயத்தோடு விட்டால், புல்லுக்குள் தேடிப்போய் அதை முடிப்பது உன் வேலை என்றாய். அதற்குப் புதுத் துவக்கு வாங்க வேண்டும், குழல் இருபத்தாறு அங்குலமா இருபத்திரண்டா என்று தெரியாமல் பரமட்டாவில் இருக்கும் மகாதேவன் பெரியப்பாவைக் கேட்டாயாம். "நீளமானதை எடடா, தோட்டா வேகமாய்ப் போகும், சத்தமும் முகத்தில அடியாது" எண்டு சொல்லிப்போட்டார், பெரியவர் சொன்னதை எப்பிடித் தட்டுறது அம்மா என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அப்பா கால் தடுக்கி விழுந்துதான் காட்டெருமையிடம் அகப்பட்டார் என்று அந்த மனுசன் சொல்லிச் சொல்லி நீயும் நம்பிவிட்டாய். போன வருடம் சிட்னிக் கலியாண வீட்டிலும் பந்தியில் இருந்து அதையே சொன்னார், நான் பாயாசத்தைத் தொடாமல் எழும்பினேன். ஊரில் வயல் காவல் பரணில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்தவள் நான். கதிர் பால் பிடித்திருந்த நேரம், வெயில் இன்னும் ஏறவில்லை. அப்பாவின் முதல் வெடி சரியாகப் படவில்லை, காயம்பட்ட எருமை முள்ளுப் பற்றைக்குள் போய்விட்டது. கையில் இருந்தது தகப்பன் விட்டுப்போன தமையனின் துவக்கு, ஆறடி ஆளான அவருக்கு அளவானது. அப்பாவோ அவர் தோளுக்கும் வரமாட்டார். குழலைக் கொஞ்சம் அறுப்போமா என்று முன்னமே கேட்டதற்கு, "அப்புவின்ரை துவக்கில வாள் வைக்க விடமாட்டன்" என்றவர்தான் இந்த மகாதேவன். பக்கத்து வயல் அரியரத்தினம் தன் கட்டைத் துவக்கை நீட்டினார். "அண்ணன்ரை துவக்கு இருக்க மற்றவன்ரையைத் தொட்டால் அண்ணனுக்கு என்ன மரியாதை" என்று சொல்லிவிட்டு அப்பா பற்றைக்குள் இறங்கினார். எருமை பக்கத்தால் வந்தது. அவர் திரும்பினார், துவக்கு திரும்பவில்லை. நுனி சூரை முள்ளில் மாட்டிக்கொண்டது. கால் எங்கும் தடுக்கவில்லை மகன். அப்பா போன பிறகு நீயும் வயிற்றில் இருந்த யோகராணியும் பெரியப்பா வீட்டுச் சோற்றில் வளர்ந்தீர்கள், அந்தச் சோற்றுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது நான் தின்பது என் மகள் வீட்டுச் சோறு.

போன திங்கட்கிழமை ஒருவரும் இல்லாதபோது நிலம் துடைக்கும் தடியையும் கூட்டுகிற தும்புத்தடியையும் எடுத்தேன், இரண்டுக்கும் நாலு அங்குலம்தான் வித்தியாசம். தோளில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். கட்டைத் தடி திரும்பியது. நீளத் தடி கதிரையைத் தட்டி, யோகராணியின் பூச்சாடி உடைந்துபோனது. அவள் வந்து பார்த்துவிட்டு "அம்மா, உங்களுக்கு விசரோ" என்றாள். ஓம், விசர்தான் என்றேன்.

தோட்டாவின் வேகம் என்று அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் எருமை உன்மேல் பாயும்போது குசினியிலிருந்து கூடம் வரைதான் தூரம் இருக்கும், அதற்கு அந்த வேகம் என்னத்துக்கு? சத்தம் அடித்தால் காதுக்குப் பஞ்சு வை. நீ விட்டுப்போன நீலச் சட்டை என் அலுமாரியில்தான் இருக்கிறது, தோளிலிருந்து மணிக்கட்டு வரை நூல் பிடித்தேன், இருபத்திரண்டு. அப்பாவுக்கும் அதே கைதான், தைத்துக் கொடுத்த எனக்கு மறக்காது. அந்த நூலை இதற்குள் வைத்திருக்கிறேன். கடையில் குழலோடு சேர்த்துப் பிடித்துப் பார், நூலைத் தாண்டினால் அங்கேயே வைத்துவிட்டு வா. பெரியப்பாவுக்கு மரியாதை செய்வதென்றால் தீபாவளிக்கு வேட்டி வாங்கி அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை யோகராணி கூட்டிக்கொண்டு போனால் கேரம் டவுன்ஸ் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்வேன், போகாவிட்டால் இங்கிருந்தே கும்பிடுவேன். சிவனும் பெருமாளும் உன் முன்னாலும் பின்னாலும் நிற்கட்டும். துவக்கு வாங்கினதும் அவருக்கு இல்லை, எனக்குச் சொல். பகலில் போன் எடு. குசினியிலிருந்து நடந்து வர எனக்கு நேரமாகும், மணி நின்றுவிட்டால் திரும்பவும் எடு. இங்கே போனை எடுக்க வேறு ஒருவரும் இல்லை, நான்தான் வந்துகொண்டிருப்பேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
பவளம்