மனேஜர் போட்ட முகமூடி

செவ்வாய், இஷாத் தொழுகைக்குப் பிறகு.

இன்று எங்கள் ஐஸ் பக்டரிக்குத் தொழிற்சாலைப் பரிசோதகர் வந்தார். எங்கள் தொழிற்சங்கம் விடாமல் எழுதிய கடிதங்கள்தான் அவரைக் கொண்டுவந்தன. போன மாதம் அமோனியாக் குழாய் வெடித்து மச்சான் நௌபரின் இரண்டு கண்ணும் போயின. அன்று நச்சுக்காற்றைத் தடுக்கும் முகமூடிகள் மனேஜரின் அலுமாரியில் பூட்டிக் கிடந்தன. இன்று எல்லாம் சுவரில் தொங்கின.

"எப்பவும் இஞ்சதான் இரிக்கி சேர்," என்றார் மனேஜர்.

சங்கச் செயலாளராக நானும் பக்கத்தில் நின்றேன். "அப்ப ஒண்டப் போட்டுக் காட்டுங்க," என்றேன்.

காற்று வரும் துவாரத்தில் புதிதாகவே ஒட்டியிருந்த மூடியைக் கழற்றாமலே மாட்டிக்கொண்டு அவர் மூச்சுத் திணறினார். நான் கை கொடுக்கவில்லை. பரிசோதகர்தான் கழற்றிவிட்டார். பிறகு மெசினை நிறுத்தச் சொல்லி, வழக்கும் எழுதினார்.

வெளியே மனேஜர் என் கையைப் பிடித்தார். "கதச்சி முடிப்பம் தம்பி. எனக்கும் புள்ளகுட்டி இரிக்கி."

"கோட்டுல கதைப்பம்," என்றேன்.

மன்னிப்பது நன்மை என்று தெரியும். மனம் வரவில்லை.

மாலையில் நௌபரிடம் போய், மனேஜர் முகமூடி மாட்டிய கதையைச் சொன்னேன்.

"அவன்ட மூஞ்சி எப்பிடி இரிந்திச்சி மச்சான்?" என்று கேட்டான்.

சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டான். மூன்று முறையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.